மூன்றாவது கம்பம்

பேத்தி செல்போனில் பேஸ்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டையில் பந்து பட்ட சத்தம்தான், அட்டனில் நானே உழைத்துக் கட்டிய மூன்று மாடி வீட்டில், முழங்கால் போய் மேல்மாடியிலேயே கிடக்கிற என்னைத் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

வேலைநாளில் பேர் கூப்பிட ஆள்களை நிறுத்தும் அந்தக் களத்தில் ஞாயிறானால் எல்லே ஆடுவோம்; பேஸ்போல் மாதிரியே அடித்துவிட்டுக் கம்பம் கம்பமாக ஓடுகிற ஆட்டம். மூங்கில் கம்பால் நான் அடித்தால் பந்து ஃபெக்டரிக் கூரையைத் தாண்டும். என்னைப்போல அடிக்க எங்கள் மேல்லயத்து வீடுகளில் ஒருத்தன் கிடையாது. அன்றைக்கு ஜெயிக்க ஒரு ஓட்டம்தான் பாக்கி. நான் மூன்றாவது கம்பத்தைப் பிடித்து நிற்கிறேன், கொழுந்து கூடிப்போச்சென்று வேலைக்குக் கொம்பு ஊதிவிட்டார்கள். கொம்பு ஊதினால் ஆட்டம் அப்படியே நிற்கும். அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்தே ஓடவேண்டும். அதுதான் எங்கள் சட்டம்.

"டேய், அந்தக் கம்பம் ஒனக்குத்தான். வந்து நில்லு," என்றார் எங்கள் கேப்டன் ராமையா அண்ணன்.

அந்த வாரமே அப்பா என்னை அட்டனில் ஒரு கடையில் வேலைக்கு விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, பையன் ஓடிவிடுவான் என்று முதலாளி வெளியே பூட்டிக்கொண்டு போனார். மிளகாய் மூட்டை நெடியில், கதவிடுக்கில் கண்ணை வைத்து எங்கள் தோட்டத்து மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கடையையே பிற்பாடு வாங்கினேன், அது வேறு கதை.

"தாத்தா, இவரு இந்த ஓட்டத்தை எடுத்தா, இதுவரைக்கும் யாரும் செய்யாத சாதனையாம். மூனாவது பேஸ்ல நிக்கிறப்ப மழை வந்திருச்சு. நாளைக்கு அங்கருந்தே ஓடுவாராம்."

"அதுக்குள்ள அவன யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போயிறாமப் பாத்துக்கச் சொல்லு," என்றேன்.