ரேட் அக்காவின் இடது கை

மேடை நடனக்காரிகள் மத்தியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரேட் அக்கா' என்பார்கள். பொதுவாகப் பேசி வைத்த தொகைக்குக் கீழே ஒருத்தியும் மேடையேறக் கூடாது என்று ஒத்திகை அறையில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியவள் அவள்தான். யாராவது அடிமாட்டு விலைக்கு ஆடினதாகக் காதில் விழுந்தால் போதும், போனிலேயே அந்தப் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

சனிக்கிழமைகளில் ஒரு ஹோட்டல் மாடியில் அவளுடைய குழுவின் ஆட்டம். சாப்பிட வந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே கைதட்டுவார்கள். வீட்டு வாடகை அதில்தான் ஓடியது. மற்ற நாட்களில் மொட்டைமாடியில் நடன வகுப்பு. என்றோ மேடையில் விழுந்ததில் அவளுடைய இடது கை காதுக்கு மேலே ஏறாது. பாதியில் மடங்கி நிற்கும். மாணவிகள் அதையும் பயபக்தியோடு கற்றுக்கொண்டார்கள். புது ஸ்டைல் என்று பெற்றோர்கள் பூரிக்கும்போது நடுவில் புகுந்து கெடுப்பானேன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்தப் பெற்றோர்களிடம் மட்டும் அக்காவுக்கு வேறு நாக்கு. "மேடை அனுபவம்தாங்க முக்கியம். காசெல்லாம் அப்புறம் தானா வரும்" என்பாள். துணிக்கடைத் திறப்பா, கம்பெனி விழாவா, பெண்களைச் சும்மாவே அனுப்பிவைப்பாள். உடைச் செலவும் பெற்றோர் தலையில். இது தொழிலைக் கெடுப்பதில் சேராதாம், வாய்ப்பாம். வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சிக்கு ஹோட்டல் மேனேஜரையே அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். மனிதர் கண் கொட்டாமல் பார்த்தார். என்ன ஒரு கலை ஆர்வம் என்று இவள் உருகிப்போனாள்.

அடுத்த மாதமே ஹோட்டலிலிருந்து போன் வருவது நின்றது. இவளே கூப்பிட்டாள்.

"வேற குழு கம்மியா வராங்க மேடம்" என்றார் மேனேஜர். யாரென்று மட்டும் சொல்ல மாட்டாராம். அதெல்லாம் தொழில் நாகரிகம்.

அக்காவுக்கு விசாரணை எல்லாம் தேவைப்படவில்லை. இத்தனை வருஷமாகக் குழுவில் பக்கத்தில் நின்று ஆடிய, 'நெட்டை' என்று எல்லோரும் கூப்பிடும் தோழியை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடி" என்றாள். நெட்டை அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கிழமை வா. யாருன்னு நேர்லயே பாத்துடலாம்" என்றாள்.

போனார்கள். ஆளுக்கொரு ஜூஸ் வாங்கிக் கடைசி மேஜையில் உட்கார்ந்தார்கள். முகம் நிறையச் சாயமும் புருவம் வரை தொப்பியுமாகப் பெண்கள் மேடைக்கு வந்தார்கள். அடையாளம் தெரியவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரும் கைகளைத் தூக்கினார்கள். வலது கைகள் நேராக மேலே போயின. இடது கைகள் அத்தனையும் காதோரம் மடங்கி நின்றன.

"பாவம், எல்லாருக்கும் ஒரே தோள்ல அடி போல" என்றாள் நெட்டை.

அதற்குள் ஒரு மாணவியின் அம்மா பார்த்துவிட்டு ஓடி வந்தார். "டீச்சர், உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல. நீங்க சொன்ன மாதிரியே காசுன்னு நாங்க வாயே திறக்கல. சாப்பாடு போடறாங்க."

ரேட் அக்காவுக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. பாட்டு முடிந்ததும் கைதட்டினாள். மேடையிலிருந்து பெண்கள் அவளைக் கண்டுகொண்டு சந்தோஷமாகக் கையசைத்தார்கள்.

நெட்டை அதற்குமேல் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. இரண்டு ஜூஸுக்கும் அவளே காசு கொடுத்துவிட்டு, அக்காவின் வீட்டு வாசல் வரை கூடவே நடந்து வந்தாள். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.