நாறாத உரக்குழி

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள் நான். பி.எட். முடித்து, திரேஸ்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். தற்காலிகம் என்றால், தலைமையாசிரியைக்கு மனசிருந்தால்தான் அடுத்த ஜூனில் மறுபடி கூப்பிடுவார். அந்த மனசைப் பிடிக்க நான் கண்ட வழி, மக்கு உரம்.

மைதானத்து மூலையில் குழி வெட்டி, வீட்டுக் குப்பையைக் கொண்டுவரும்படி எட்டாம் வகுப்பில் சொன்னேன். காய்கறித் தோலை எதிர்பார்த்தேன். வந்தது மீன் தலையும் குடலும். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் வேறென்ன குப்பை இருக்கும்? என் வீட்டிலும் அதுதான்.

அப்பா சிரித்தார். "ஏலே, கடலுக்கு வராண்டாம், படின்னு அனுப்புனேன். நீ அங்கன போயி மீன் குடலக் கிளறிக்கிட்டு நிக்க. அத இங்கனயே செஞ்சிருக்கலாமேலே."

இரண்டாம் நாளே தலைமையாசிரியை சேலை முந்தியால் மூக்கைப் பொத்தியபடி வந்தார். "சார், குழியப் பாக்க அடுத்த மாசம் கல்வி ஆபீசர் வாராரு. அன்னைக்கும் இந்த நாத்தம் அடிச்சா, குழியோட ஒங்க வேலையையும் மூடிர வேண்டியதுதான்."

நாற்றம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சில நாளில் நாற்றம் நின்றது. ஈகூட இல்லை. பூரித்துப்போய், காலை வணக்கக் கூட்டத்தில் நுண்ணுயிர்களின் அயராத உழைப்பைப் பற்றிப் பேசினேன்.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் மண்வெட்டியால் கிளறிப் பார்த்தேன். போட்டது போட்டபடி இருந்தது. சாளை மீன் தலைகள் விறைத்துக் கிடந்தன. நல்ல கருவாட்டு வாசம்.

"ஏளா, என்னத்தப் போட்டீங்க?" என்று குழியைக் கவனித்த பிள்ளைகளின் குழுத்தலைவியைக் கேட்டேன்.

"உப்பு சார். ஆளுக்கு ரெண்டு கை. மீன் நாறாம இருக்க உப்புதான போடணும்?"

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "சார், இன்னும் ரெண்டு வெயில் காட்டுனா வித்துரலாம்."

உப்பில் நுண்ணுயிர் பிழைக்காது என்ற பாடத்தை நான்தான் நடத்தியிருந்தேன். குழியில் வெள்ளை பூத்திருந்ததையும் தினமும் பார்த்தேன். மீனும் உப்பும் சேர்ந்து கிடப்பது பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி, வித்தியாசமாகப் படவில்லை.

மண்ணைத் தள்ளி மூடினேன். மறுநாள் ஆபீசர் குழியருகே குனிந்து மூச்சை இழுத்தார். "போற ஸ்கூல்லல்லாம் நிக்க முடியாது. இங்க நாத்தமே இல்லையே!"

"சார், அது உப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"உப்புக்காத்து சார் இங்க, எல்லாத்துக்கும் நல்லது" என்று தலைமையாசிரியை முந்திக்கொண்டார்.

ஜூனில் என்னை மறுபடி கூப்பிட்டார்கள். கூடவே ஓர் உத்தரவு: நாற்றமில்லாத உரக்குழி அமைப்பது எப்படி என்று, கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற புதுக்கோட்டைப் பள்ளிக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"போறதுதான் போற, இங்கேருந்தே ஒரு மூட்ட உப்பு கொண்டு போறியாலே?"