பைண்டர் மேடையில் சொன்ன கதை

அச்சகத்தில் அவருக்குப் பெயர் பைண்டர். பிரார்த்தனைக் கூடத்திலும் அதே பெயர்தான். இருபத்தெட்டு வருஷமாகப் புத்தகம் கட்டுகிறவர். எந்தப் புத்தகத்தையும் படிக்கிற வழக்கம் மட்டும் கிடையாது. "சமைக்கிறவனுக்குப் பசிக்காதுப்பா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பெல்லாம் மகள் இருந்த காலத்தோடு சரி.

மகளுக்குப் பத்தொன்பது வயது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் இறந்துபோன இரண்டாம் மாதம் மனைவி கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, விளக்கம் இல்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்பாள், அவ்வளவுதான்.

அதே சமயத்தில்தான் ஒரு நாவல் ஊரையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் எல்லாரும் கும்பிடுகிற புனிதர் கடைசி நேரத்தில் கடவுளைச் சந்தேகப்பட்டபடியே செத்தார் என்று கடைசி அத்தியாயத்தில் அதன் ஆசிரியன் எழுதியிருந்தானாம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்குத்தான் கோபம் அதிகம். ஒருநாள் ஊசிநூல் தேடித் தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்த பைண்டர், துணிகளுக்கு அடியில் அந்த நாவலின் அட்டையைப் பார்த்தார். பாம்பைப் பார்த்தவர்போல இழுப்பறையைச் சாத்தினார். மனைவி கூடத்துக்கு வராததற்குக் காரணம் கிடைத்துவிட்டது! மனுஷனுக்கு ஒரு காரணம் கிடைத்தால் துக்கம்கூடக் கொஞ்சம் லேசாகிவிடுகிறது.

கூடத்தில் மைக்கைப் பிடித்தார். "இந்தப் புத்தகம் என் வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு. என் சம்சாரத்தோட நம்பிக்கையைத் தின்னுடுச்சு" என்று தழுதழுத்தார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டமானாலும் பைண்டரின் கதைதான் முதலில். தலைமுறை தலைமுறையாக நிற்கிற நம்பிக்கையை ஒரு கதைப்புத்தகம் இரண்டே மாதத்தில் சாய்த்துவிடுமா என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் அவர் மனைவியிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவளும் அதைக் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு, வீட்டிலிருக்கும் பிரதிகளையெல்லாம் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவானது. முதல் பிரதி பைண்டருடையதாக இருந்தால் நல்லது என்றார் கூடத்துப் பெரியவர். புத்தகம் வீட்டைவிட்டுப் போனால் மனைவி திரும்ப வந்து தன் பக்கத்தில் உட்காருவாள் என்ற ஆசை பைண்டருக்கு. அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை அவள் துணி காயப்போடப் போன நேரம் பார்த்துப் புத்தகத்தை எடுத்தார். கை பழக்கதோஷத்தில் ஓரத்தைத் தடவியது. தடவிய கை நின்றுவிட்டது. மடித்த தாள்களின் ஓரத்தை வெட்டிப் பக்கம் பிரிக்கிற கட்டிங் மிஷினில் போகாத பிரதி அது. அச்சகத்தில் கழிவென்று ஒதுக்கியதை யாரோ நடைபாதையில் விற்றிருக்கிறான். முதல் பதினாறு பக்கத்தை மட்டும் எதையோ வைத்துக் கிழித்துப் பிரித்திருந்தது, ஓரமெல்லாம் பிசிறு. மீதி அத்தனையும் மடித்தது மடித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரைக் கலக்கிய கடைசி அத்தியாயத்தை இதில் யாரும் படித்திருக்கவே முடியாது.

வாளியோடு உள்ளே வந்தவள் அவரையும் புத்தகத்தையும் பார்த்தாள்.

"இதை நீ படிக்கவே இல்லையா?"

"என்னுது இல்லங்க. அவளோடது. ஆஸ்பத்திரி வாசல்ல வாங்கிக் கொடுத்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க? மைக்லதானே சொன்னீங்க."

பைண்டர் கட்டிலில் உட்கார்ந்தார். மகள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவர் கூடத்தில்தான் இருந்தார். பதினோரு நாள் தொடர் பிரார்த்தனை. நடுவில் எழுந்து போனால் வேண்டுதல் முறிந்துபோகும் என்று நம்பினார். ஒன்பதாம் நாள், மகள் போய்விட்டாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தார்.

"நான் அவளுக்காகத்தானே..."

"தெரியும். அவளுக்கும் தெரியும். எங்கப்பா எனக்காக வேண்டிக்கிட்டிருக்காருன்னு நர்ஸ்கிட்ட பெருமையாச் சொன்னா. ஆனா, வராந்தால செருப்புச் சத்தம் கேட்டா தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பா." அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அந்தக் கூடத்துல கால் வச்சாலே அந்தத் தலைதான் ஞாபகம் வருது. எனக்குக் கடவுள்மேல கோபமில்லங்க. அங்க உட்கார முடியல."

பைண்டர் பிசிறடித்த ஓரத்தை விரலால் நீவினார்.

"ஹேர்பின்னால கிழிச்சா. கந்தலாயிடுச்சு. 'இரும்மா, அப்பா வரட்டும், மிஷின்ல வச்சு ஒரே வெட்டுல வெட்டித் தந்துடுவாரு'ன்னு மூடி வச்சா."

பைண்டர் விசுக்கென்று எழுந்தார். "அச்சகச் சாவி என்கிட்டதான் இருக்கு. இப்பவே போய் வெட்டிட்டு வந்துடறேன்."

அவள் அவர் கையிலிருந்து புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"யாரு படிக்க?" என்றாள்.