சித்தப்பாவின் லித்தியம்

மட்டாஞ்சேரிப் பக்கம் சலவைத்துறையை ஒட்டிய எங்கள் வீட்டு வரிசையில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். மருந்துச் சீட்டானாலும் நோட்டீஸானாலும் என்னிடம்தான் வரும். ஒன்பதாம் வகுப்புக்காரியின் தலைக்கனத்துக்கு அது போதாதா?

அந்த வருடம் சயன்ஸ் டீச்சர் பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பற்றிச் சொன்னார். ஆதியில் உண்டானவை ஹைட்ரஜனும் ஹீலியமும்தானாம். கூடவே ஒரு துளி லித்தியம். நட்சத்திரங்கள் பிற்பாடு எதையெதையோ சமைத்தன. லித்தியத்தை மட்டும் அவற்றால் வைத்துக்கொள்ள முடியவில்லை, உள்சூட்டில் அழிந்துபோகும். அப்படியும் நம் பால்வீதியில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியே வந்திருக்கிறது என்றார். போகிறபோக்கில், அந்த உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் சீறும் என்றும் சொன்னார்.

மனம் நிலைகொள்ளாமல் அலைந்த சித்தப்பாவை ஆறு மாதமாக அமைதியாக வைத்திருந்தது ஒரு மாத்திரை. எத்தனை வேளை என்று மட்டும் பார்த்துவந்த அந்த டப்பாவில், அன்று சாயங்காலம் சின்ன எழுத்தைப் படித்தேன். லித்தியம்.

நட்சத்திரத்துக்குள்ளேயே தங்காதது இவர் வயிற்றில் தங்குமா? அவரோ விடிந்தால் தண்ணீரில் நின்று துணி அடிப்பவர். எந்த நிமிடம் தீப்பிடிப்பாரோ.

அடுத்த சீட்டில் தொடரச் சொல்லியிருந்தது. நானோ, "இனி நிறுத்தலாம்னு எழுதியிருக்கு" என்றேன்.

சித்தப்பா சிரித்தார். "கலெக்டர் உத்தரவு வந்தாச்சு. இனி குளிகை வேண்டா, அல்லே மோளே?"

"படிச்சவ சொன்னா சரிதான்" என்றாள் அம்மா.

மூன்றாம் வாரம் அவர் பேச்சு நிற்கவில்லை. எது எந்த வீட்டுத் துணி என்று காட்டும் அடையாள நூல்களையெல்லாம் பிடுங்கி எறிந்தார். ஒரு மத்தியானம் உடுத்திய வேட்டியோடு காயலில் இறங்கி நடந்தார். தலை மட்டும் தெரிந்தது. நான் கரையிலேயே நின்றேன். வள்ளக்காரர்கள்தான் படகில் இழுத்துப்போட்டுக் கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "மருந்தை நிறுத்தச் சொன்னது ஆரு?"

சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். "ஆரும் சொல்லலை சாரே. நானாத்தான் நிறுத்தினேன்."

மாத்திரையில் இருப்பது உப்பு, அது சீறாது என்பதைக் கல்லூரியில் படித்தேன். நட்சத்திரங்களுக்கு வெளியே, வெட்டவெளியில் அண்டக்கதிர்கள் அணுக்களில் மோதியும் லித்தியம் பிறக்கிறது என்பதை இப்போது எம்.எஸ்ஸி.யில் படிக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று முதல் டப்பாவை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. அம்மா மாத்திரையை நாக்கில் வைத்து, விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். நாற்பது வயது மனிதர் என் முன்னால் வாயைத் திறந்து காட்டுவார். நான் சொன்னதை அவர் நோயில் மறந்துவிட்டார் என்று அப்போது நினைத்து, நிம்மதியாக இருந்தேன்.