சல்லடை என்று நான் பெயர் வைத்த கோல்கீப்பர்

ஆறு கல்லூரிகளும் ஊரில் இருந்தன. அவை மோதிக்கொண்டது வளைகுடாவில், துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில், ஒரு சிமெண்ட் குடோனுக்குப் பின்னால் இருந்த மண் தரையில். தொண்ணூறுகளின் நடுவில், வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அந்தக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் அங்கே கூடிக் கால்பந்து ஆடினார்கள். நான்கு தமிழ்நாட்டுக் கல்லூரிகள், இரண்டு கேரளக் கல்லூரிகள். புல் கிடையாது. கோல் போஸ்ட், யாரோ சைட்டிலிருந்து தூக்கி வந்த சாரக் குழாய். விழுந்தவன் முழங்கால் தோலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

நான் ஆடவில்லை. கல்லூரியிலும் ஆடியதில்லை. பர் துபாயில் ஒரு துணிக்கடையில் வாரம் முழுக்க சூட் துணியை விரித்துக் காட்டி, மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நான் ரசிகன். கைதட்டுகிற ரசிகன் இல்லை. காலித் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கோட்டோரம் உட்கார்ந்து, ஆடுகிற இருபத்திரண்டு பேரையும் திட்டுகிற ரசிகன்.

நான் சொல்லப்போகிற சீசனைப் பற்றி என் கருத்தை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. சென்னைப் பொறியியல் கல்லூரி அணி காரில் வந்து இறங்கும், குளிர்பெட்டி நிறைய ஜூஸ் இருக்கும், புது ஜெர்சி இருக்கும், கால்தான் இருக்காது. ஆற்றங்கரைக் கல்லூரி அணியில் எல்லாரும் மளிகைக்கடை முதலாளிகள். பேஜர் கத்தினால் கேப்டன் பந்தை விட்டுவிட்டு டெலிபோன் பூத்துக்கு ஓடுவான். மூன்றாவது அணி தோற்பதற்கென்றே தொழுதுவிட்டு வரும். கேரளக் கல்லூரிகள் இரண்டுக்கும் ஆடத் தெரியும். அதை எழுத எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ரெஃப்ரி ஒரு பேக்கரி வேன் டிரைவர். நடுக்கோட்டை விட்டு நகர மாட்டார். தூரத்தில் நடப்பதையெல்லாம் கூச்சலை வைத்தே கணிப்பார்.

எங்கள் கல்லூரி அணியில் பத்துப் பேர் தண்டம். ஒருவன்தான் ஆட்டக்காரன். அவன் கோல்கீப்பர்.

கல்லூரியில் எனக்கு நான்கு வருடம் இளையவன். பல்கலைக்கழக அணிக்கு ஆடியவன், உடற்கல்விப் பட்டமும் வாங்கியவன். ஷார்ஜாவில் ஒரு கஃபெட்டீரியாவில் சமோசா பொரித்துக்கொண்டிருந்தான். அஜ்மானில் ஆறு பேர் தங்கிய ரூமில் என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவனுடையது. என்னைக் காக்கா என்று கூப்பிடுவான். எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. எங்கள் கல்லூரியில் உடற்கல்வி உதவியாளர் வேலை காலியாக இருந்தது. கல்லூரித் தாளாளர் அவனுக்குக் கடிதமே போட்டிருந்தார். விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும்போது வந்து சேர்ந்துவிடலாம், கமிட்டி கூடிச் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அந்தக் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தான். எண்ணெய்ச் சட்டியை விட்டு மைதானத்துக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான். ஊரில் பிறந்த மகளை ஒருமுறைதான் பார்த்திருந்தான்.

இப்போது கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஊருக்குக் கடிதம் எழுதுவதைவிடப் பேசி அனுப்புவது அதிகம். டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, லீவில் போகிறவன் பையில் போட்டுவிடுவோம். கேட்டு முடித்ததும் அதே கேசட்டில் அவர்கள் பேசி, திரும்பி வருகிறவனிடம் கொடுத்தனுப்புவார்கள். மற்றவர்கள் பெண்டாட்டிக்கும் உம்மாவுக்கும் பேசினார்கள். நான் எங்கள் கால்பந்து லீகைப் பற்றிப் பேசினேன். கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு அனுப்புவேன். அங்கே அதைப் போட்டு, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கேட்பார்கள். வாத்தியார்கள் கேட்டார்கள். கமிட்டிக்காரர்களும் கேட்டார்கள். என் திட்டுக்கு ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயர் எனக்குச் சம்பளத்தைவிட இனிப்பாக இருந்தது.

கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது நாங்கள் முதலிடத்தில் இருந்தோம். எதிரே கேரளக் கல்லூரிகளில் ஒன்று. டிரா செய்தால் போதும், கப் எங்களுக்கு. புதன்கிழமை கீப்பர் டூட்டி முடிந்து வந்தான். இடது உள்ளங்கையில் கொதி எண்ணெய் கொட்டித் தோல் வெள்ளையாக வெந்திருந்தது. நான்தான் களிம்பு தடவிக் கட்டுப் போட்டேன்.

"காக்கா, வெள்ளிக்கிழமை என்னால முடியாது. வேற யாரையாச்சும் நிறுத்தச் சொல்லுங்க."

"யாரை நிறுத்த? மாத்துக் கீப்பர் நேத்துதான் லீவுல பிளேன் ஏறிட்டான். அந்தத் தொந்திக்காரனையா நிறுத்தறது?"

"விரலை மடக்கவே முடியல."

"கிளவுஸ் போட்டா யாருக்குத் தெரியும்? நீ நின்னாலே அவனுங்க பயப்படுவானுங்க. ஒரு மணி நேரம்டா. வேலைக்குப் போகும்போது கப்போட போ."

அந்தக் கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றேதான் சொன்னேன். அதற்கு அவன் மசிவான் என்று எனக்குத் தெரியும். மசிந்தான். கேப்டனிடமும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொன்னால் அவனை ஆட விட மாட்டார்களாம்.

முதல் பாதியில் ஒற்றைக் கையால் மூன்று பந்தைத் தட்டிவிட்டான். இரண்டாம் பாதி முடியப் போகிற நேரம். சூரியன் இறங்கி மக்ரிப் பாங்கு சொல்ல இன்னும் பத்து நிமிடம்கூட இல்லை. தூரத்திலிருந்து ஒருவன் சும்மா ஒரு உதை விட்டான். பந்து மண்ணில் இரண்டு குத்துக் குத்தி, சோம்பலாக வந்தது. ஆறு வயதுப் பிள்ளை பிடிக்கும் பந்து. இரண்டு கையாலும் பிடித்தான். இடது கை விட்டுவிட்டது. பந்து அவன் காலுக்கு நடுவே உருண்டு உள்ளே போனது.

ரெஃப்ரி விசில் அடித்தார். அவருக்கே நம்ப முடியாததால் இரண்டாவது தடவையும் அடித்தார். அதோடு தோற்றோம்.

என்னைச் சுற்றி நின்றவர்கள் என் வாயைத்தான் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"அது கீப்பர் இல்லடா, சல்லடை!" என்று கத்தினேன்.

எங்கள் கூட்டத்தில் அழப் போனவன்கூடச் சிரித்தான்.

மறுநாளே கேசட் பேசினேன். ஒரு பக்கம் முழுக்க அவனைப் பற்றி. சல்லடை சமோசா பொரிக்கிறது, எண்ணெய் தங்குமா, பந்து தங்குமா என்று. கல்லூரி மைதானத்துக்கு வந்தால் வேலியே வேண்டாம், இவனையே நிறுத்திவைத்தால் ஆடு மாடெல்லாம் தாராளமாக உள்ளே வந்து போகும் என்று. நன்றாக வந்தது. நானே போட்டுக் கேட்டுச் சிரித்தேன். கை வெந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறதி இல்லை. நினைவு வந்தது, சொன்னால் சிரிப்பு போய்விடும் என்று விட்டேன். அவனை நிற்கச் சொன்னதே நான்தான் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு மாதம் கழித்துத் தாளாளரிடமிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. கமிட்டி வேறொருவரை எடுத்துவிட்டது. கேசட் கேட்டோம் என்றும் எழுதியிருந்தார். மைதானத்தில் மாணவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதையாக இருக்காது, அவனுக்கே சங்கடம் என்று எழுதியிருந்தார். அந்த மனிதரையும் சும்மா விட மாட்டேன். ஒரு கேசட்டைக் கேட்டு வேலை கொடுக்கிறவர், கல்லூரி நடத்துவதற்குப் பதில் அந்த டீக்கடையையே நடத்தியிருக்கலாம்.

கீப்பர் கடிதத்தை என் கட்டிலில் போட்டான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

"கட்டுப் போட்டது நீங்கதானே காக்கா?"

"ஆமா."

"அதைச் சொல்லலையே."

"சொன்னா யாருடா சிரிப்பா?"

இதைவிட உண்மையான பதில் என்னிடம் இருக்கவில்லை. அவன் கடிதத்தை எடுத்து மடித்தான்.

"இன்னொரு கேசட் பேசுங்க. நடந்ததை மட்டும் சொல்லுங்க. அடுத்த வருஷமாச்சும் எடுப்பாங்க."

பேசினேன். கிண்டல் இல்லாமல் பத்து நிமிடம். எண்ணெய், கட்டு, கிளவுஸ், நான் மறைக்கச் சொன்னது, எல்லாம். அவன் எதிரே உட்கார்ந்து கேட்டான். அடுத்து லீவில் போனவனிடம் கொடுத்தோம். கமிட்டிக்காரர்களுக்கும் போட்டுக் காட்டச் சொன்னோம்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அவனே டேப்பில் போட்டான். முதலில் என் குரல், இரண்டு நிமிடம். எண்ணெய் கொட்டியது வரைக்கும். பிறகு டக்கென்று வெட்டி, டீக்கடைக் கூட்டத்தின் சத்தம். என் பேச்சின் மேலேயே பேசியிருந்தார்கள்.

"என்ன காக்கா இது, பள்ளிவாசல் பயான் மாதிரி இருக்கு! ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஒருத்தனும் உட்காரல."

"கமிட்டிக்காரங்க வந்தாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்க."

"சல்லடை எப்படி இருக்கான்? அவனைப் பத்திப் போடுங்க காக்கா. ஆடு மாடு கதையை நாங்க இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்."

பின்னால் யாரோ ஆடு மாதிரிக் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் பழக்கிவிட்டதைக் கேட்டார்கள்.

கீப்பர் டேப்பை நிறுத்தினான். கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டை மாட்டிக்கொண்டு போனான்.

அடுத்த சீசனில் அவன் கிளவுஸ் போடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் மைதானத்துக்கு வந்தான். எனக்குப் பக்கத்தில் இன்னொரு தக்காளிப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தான். நான் அந்த வருடம் அதிகம் வாயைத் திறக்கவில்லை. புதுக் கீப்பர் ஒரு கிரேன் ஆபரேட்டர். நல்ல உயரம். பயந்த சுபாவம். மூன்றாவது ஆட்டத்தில், தலைக்கு நேரே வந்த பந்தைத் தவறவிட்டான்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"சல்லடை!"

எனக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அவன் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து மறுபடியும் கத்தினான். இடது உள்ளங்கையில் தோல் பளபளவென்று சுருங்கியிருந்தது. கூட்டம் சிரித்து உருண்டது. அவனும் சிரித்தான்.

வலைக்குள் கிடந்த பந்தை எடுக்கக் குனிந்த புதுக் கீப்பர் நிமிர்ந்து திரும்பினான். அவன் என்னைத்தான் பார்த்தான்.