நின்றுபோன கப்பலின் காவல்

போன வருடம் ஜூலை மாதம், மழை சற்று விட்டிருந்த ஒரு பிற்பகலில் கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து படகில் புறப்பட்டேன். அங்கே கடை வைத்துக் கப்பல்களுக்குக் காய்கறி, மளிகை கொடுப்பது என் தொழில். அன்று போனது ஒரு பழைய சரக்குக் கப்பலுக்கு. சோவியத் காலத்தில் கட்டியது. எத்தனையோ கை மாறியும், முன்தளத்து மணியில் பழைய ரஷ்யப் பெயர் அப்படியே இருந்தது. இயந்திரம் பழுதாகி, உரிமையாளரும் கைவிட்டதால், வெலிங்டன் தீவுக்கு எதிரே மிதவையில் கட்டிக் கிடந்தது. மிஞ்சிய ஆறு மாலுமிகளும் டீசலை மிச்சம் பிடிக்கப் பகலில் ஜெனரேட்டரைக்கூட ஓட்டுவதில்லை. ஆனால் தளத்தில் முறை வைத்துக் காவல் மட்டும் நின்றார்கள்.

அன்று நின்றவர் நரைத்த தாடிக்காரர். என்னை அண்ணன் முறையில் ‘இக்கா’ என்று கூப்பிடும் என் மலையாளிப் படகுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எந்தா இக்கா இது? அனங்காம கிடக்கிற கப்பலுக்கு எதுக்குக் காவல்? ஆராவது தலையில தூக்கிட்டுப் போயிடுவாங்களோ?"

நான் அதையே ஆங்கிலத்தில் நயமாகக் கேட்டேன். தண்ணீரில் நிற்கிறவரை இது கப்பல்தான், கப்பல் என்றால் காவல் உண்டு என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மறுபடி நீரைப் பார்க்கத் தொடங்கினார்.

மூட்டைகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். பாதி வழியில் எங்கள் இன்ஜின் நின்றது. மழையும் பிடித்துக்கொண்டது. ஓதம் இறங்கி, காயல் நீர் கடலுக்குத் திரும்பும் நேரம். படகு கடலை நோக்கிப் பின்னால் இழுபட்டது. துடுப்புப் போட்டும் பயனில்லை. அந்தக் கப்பலைத் தாண்டினால் ஃபோர்ட் கொச்சி முகத்துவாரம், அப்புறம் கொந்தளிக்கும் கடல். எனக்கு நீச்சல் தெரியாது.

"இக்கா, கெட்டியாப் பிடிச்சோ!" என்று படகுக்காரர் கத்தியபோதே கப்பலின் அந்தப் பழைய மணி கணகணவென்று ஒலித்தது. தாடிக்காரர்தான். மற்றவர்கள் ஓடி வந்தார்கள். அவர் வீசிய கயிறு முதலில் தண்ணீரில் விழுந்தது. சுருட்டி மறுபடி வீசினார். படகின் குறுக்கே விழுந்தது. நாங்கள் பிடித்துக்கொள்ள, எல்லோருமாகக் கப்பலோரம் இழுத்தார்கள்.

கப்பலில் ஏறியதும் படகுக்காரர் கைகூப்பியபடி தாடிக்காரரிடம் ஓடினார். "சேட்டா, இனி வாயே தொறக்க மாட்டேன்!"

தாடிக்காரர் பொறு என்று கையைக் காட்டிவிட்டு நீரைப் பார்த்தார். அவர் முறை முடியவில்லை. சமையற்காரர் தந்த, பாலில்லாத கட்டஞ்சாயாவைக் குடித்தபடி காத்திருந்தோம். அடுத்தவர் வந்து நின்ற பிறகே கை கொடுத்தார். கயிறு உரசி உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

இப்போதும் மழை நாளில், இனி யார் வரப்போகிறார்கள் என்று கடையைச் சீக்கிரம் அடைக்கக் கை போகும்போது, தோல் உரிந்த அந்தக் காவல்காரரின் கை நினைவுக்கு வருகிறது; கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.