கருடனுக்குப் பின்னால் ஓர் அரியர்

பல்கலைக்கழகத்தில் தேர்வு அட்டவணை போடுகிறவர்கள் காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க மட்டும்தான் வருவார்கள் போலிருக்கிறது. இல்லாவிட்டால் வைகாசி கருட சேவையன்று காலையில் என் அரியர் பேப்பரை வைத்திருப்பார்களா? வரதராஜப் பெருமாள் கருடன்மேல் கிளம்பிவிட்டால் ஊரே தெருவில் நிற்கும், பஸ் ஓடாது. எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில். கல்லூரி ஊரின் அந்தக் கோடியில்.

எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு புள்ளியியல் பேப்பர்தான். தேறினால் எம்.எஸ்சி. தவறினால் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி நீட்ட வேண்டியதுதான். சேவைக்காகத் தாமலிலிருந்து வந்த சித்தி குடும்பம் முதல் நாளே வீட்டை நிறைத்துவிட்டது. நான் சமையலறையில் புளியோதரை அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன்.

"யூனிவர்சிட்டிக்காரங்க வூட்ல ஒரு காலண்டர் கூடவா மாட்டல?" என்றாள் அம்மா. நான் கிளம்பும்போது, "சாமிக்குக் குறுக்கால பூந்து ஓடாதம்மா. பின்னாலயே போ" என்று வேறு சொல்லி அனுப்பினாள்.

பின்னாலேயே போனேன். பெருமாளோ மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, எல்லார் படையலையும் ஏற்றுக்கொண்டு, அவசரமே இல்லாமல் போனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒருவர் தோல்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வியர்த்து வழிய நின்றிருந்தார். எங்கள் கல்லூரியின் தேர்வுக் கண்காணிப்பாளர். தாமதமாக வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவதில் பேர் வாங்கியவர்.

"சார், எக்ஸாம்..." என்று இழுத்தேன்.

"கொஸ்டின் பேப்பரே இதுலதாம்மா இருக்குது" என்று பையைத் தட்டிக்காட்டினார்.

அப்பாடா என்றிருந்தது. அதற்குப் பிறகு அவரைவிட்டு ஓரடி நகரவில்லை. ஒரு மண்டகப்படியில் கொடுத்த பொங்கலை இருவரும் வாங்கித் தின்றோம். பை மட்டும் அவர் கக்கத்தைவிட்டு இறங்கவே இல்லை.

தேர்வு தாமதமாகத் தொடங்கியது. தேறினேன். பெருமாள்தான் பாஸ் பண்ண வைத்தார் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ராத்திரி பகலா படிச்சது நாந்தாம்மா."

"போன வாட்டியும்தான் படிச்சுக்கினு போன. என்னா ஆச்சு?"

எம்.எஸ்சி. சேர்ந்ததும் கல்லூரி காலண்டரைக் கொண்டுவந்து காட்டினேன். அதில் கருட சேவைக்கு விடுமுறை போட்டிருந்தார்கள். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"எதுக்கு லீவு வுட்டாங்க? உனக்கு அன்னிக்கே எக்ஸாம் வைக்கச் சொல்லும்மா."